செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

மார்ச் 5, செவ்வாய்

இன்றைக்கு டயாலிசிஸ் மெஷின் பழுது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். பஸ் பிடித்துப் பத்து மணிக்கே வந்து வயல் பக்கம் போனேன். என் மடையை அடைத்து, செவ்வாய்க்கிழமை என் முறைக்கு வரும் வாய்க்கால் தண்ணீரைத் தன் வெங்காயத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான் அண்ணன். என் சோளம் இலை சுருண்டு நிற்கிறது.

செவ்வாய்தோறும் ஏழு மணிக்கு பைக்கில் என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, "நீ நிம்மதியா படு, தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்பான். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான்! அவன் கண்ணில் படாமல் வீட்டுக்குத் திரும்பி, மதியம் கூட்டிப்போக வர வேண்டாம் என்று போன் மட்டும் பண்ணினேன்.

மார்ச் 6

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியுமாம்!

"சண்டை போட்டா உங்கள யாரு கூட்டிட்டுப் போவாங்க? வாயை மூடிட்டு இருங்க."

அவள் சொல்வது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 8, வெள்ளி

பைக்கில் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன். வழி நெடுக வெங்காயப் புராணம். "காய் ஒவ்வொண்ணும் என் கை முட்டி அளவுடா!"

இருக்காதா பின்னே? எனக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் குடித்தால் மூச்சு முட்டும். நாக்கு ஒட்டிக்கொள்ள நான் கிடக்கிறேன், என் நிலமும் கிடக்கிறது. இவன் காய் மட்டும் கொழுக்கிறது. விடமாட்டேன்.

மார்ச் 11

வெங்காயம் முற்றித் தாள் சாய்ந்துவிட்டது. வியாழக்கிழமை பிடுங்கப்போகிறானாம். "இனி ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது, பட்டா அழுகிடும்" என்று அவனே சொன்னான்.

அவனே சொன்னான்.

மார்ச் 13, புதன்

செய்துவிட்டேன்.

சாக்கு வாங்க அவன் டவுனுக்குப் போயிருந்தான். உச்சி வெயில், வயலில் ஒருவரும் இல்லை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அந்தக் கையால் வாளி கூடத் தூக்கக் கூடாது. மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்தேன். பதினைந்து வெட்டு. வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் அவன் பாத்திக்குள் பாய்ந்தது. தண்ணிதானே வேணும் உனக்கு? குடிடா. நல்லாக் குடி! வாய்விட்டே சொன்னேன். இரண்டு வருடத்தில் இவ்வளவு தெம்பாக நான் இருந்ததில்லை.

மார்ச் 15, ஆஸ்பத்திரி

நேற்றுக் காலை கையைத் தொட்டுப் பார்த்தேன். தையல் போட்ட இடத்தில் எப்போதும் விர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். அது ஓடினால்தான் மெஷின், மெஷின் இருந்தால்தான் நான். அதிர்வு இல்லை. மனைவி காதை வைத்துக் கேட்டாள். இல்லை. ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்?

தடுப்பதற்குள் அவள் அண்ணனிடம் ஓடிவிட்டாள். முழங்கால் வரை சேற்றோடு வந்தான். வண்டியை எடுத்தான்.

"கனமா ஏதாவது தூக்கினீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

எனக்கு முன்னால் அவன் பதில் சொன்னான். "இவனா? ஒரு துரும்பக்கூட எடுக்க விடறதில்ல சார்."

சொல்லிவிட்டு என் வலது உள்ளங்கையைப் பார்த்தான். மண்வெட்டிப் பிடி கொப்புளம் போட்டிருந்தது. மடக்கிக்கொண்டேன்.

கை இனி உதவாதாம். மெஷினுக்காகக் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். வெங்காயம் பாதிக்கு மேல் அழுகல் என்று மனைவி சொன்னாள். சந்தோஷப்பட்டேனா? பட்டேன். பொய் எதற்கு.

மார்ச் 19, செவ்வாய்

ஏழு மணிக்கு இறக்கிவிட்டான். வழியில் வெங்காயப் பேச்சே இல்லை.

"தண்ணி?" என்று கேட்டேன்.

"உன் பொண்டாட்டிய மடையில நிக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

வண்டியைத் திருப்பினான். ஒரு மணிக்குக் கூட்டிப்போக வருவானா என்று நான் கேட்கவில்லை.