உயிரோடு இருக்கிறவருக்காக அழுதது

மேடம்,

இன்று காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்துகொண்டே வந்தார். அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி வேங்கிக்கால் வரைக்கும் வெயிலில் நடந்தேன். எந்நேரமும் சளி பிடித்த மூக்கும் அந்தத் தைல வாசனையுமாகத்தானே நீங்கள் இருப்பீர்கள். ஊர் மனசையெல்லாம் சரி பண்றீங்க, உங்க மூக்கைச் சரி பண்ண ஒரு ஆள் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே தும்மினீர்கள்.

மேடம் என்று கூப்பிடாதீங்க, நான் உங்களைவிடச் சின்னவ என்று எத்தனையோ தரம் சொன்னீர்கள். எனக்கு வாயில் வரவில்லை. இனிமேலும் வராது, விடுங்கள்.

என் வீட்டுக்காரர் போனது தொண்ணூற்று மூன்றில், தீபம் முடிந்த வாரம். அரிசி மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் தலையை மழித்துக் காவியைக் கட்டிக்கொண்டு, அடி அண்ணாமலைப் பக்கம் சாமியார்களோடு போய் உட்கார்ந்துவிட்டார். சண்டை இல்லை, சாவு இல்லை, இன்னொருத்தியும் இல்லை. வேறு ஊராக இருந்தால் நாலு பேர் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார்கள். எங்கள் ஊரில் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். கொடுத்து வெச்சவம்மா நீ என்றார்கள். மாமியார் முகத்தில் ஒரு பெருமை வேறு. ஏழாவது படிக்கிற பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நான் என்னத்தைக் கொடுத்து வைத்தேனோ, தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வளைகாப்பில் குங்குமத் தட்டோடு வந்த பெண் என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். கொடுப்பதா, தாண்டிப் போவதா என்று அவளுக்குக் குழப்பம். எனக்கே தெரியாதபோது அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கழுத்தில் தாலி இருக்கிறது. கட்டினவர் மலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். அப்போது நான் யார்?

அதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே எடுத்துத் துவைத்தேன். கலெக்டர் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. ஒரு பக்கம் முடிப்பதற்குள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். எங்கள் சூப்பிரண்டு அம்மாதான் உங்களைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். கடைத்தெரு மாடியில் உங்கள் அறை, கீழே பெரிய எழுத்தில் மனநல ஆலோசனை என்று போர்டு. யார் கண்ணிலாவது பட்டால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினேன்.

கவுன்சிலிங் என்றால் பஞ்சாயத்து என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் ஆள் விட்டு அவரை வரவழைப்பீர்கள், எதிரில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்பீர்கள், கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம். அவரை எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவரு வரலியே. வந்திருக்கிறது நீங்கதானே" என்றீர்கள்.

எனக்கு வந்ததே கோபம். எழுந்து அந்தச் சின்ன அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நீங்கள் உட்காரச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க, நடந்துகிட்டே பேசலாம் என்றீர்கள்.

மலை சுற்றுகிறவளை இந்த ஊரில் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத சாயங்காலமாகப் பார்த்து நடந்தோம். அடி அண்ணாமலை நெருங்கும்போது என் கால் தானாகத் திரும்பிவிடும். நீங்களும் ஒன்றும் கேட்காமல் கூடவே திரும்புவீர்கள். புருஷனுக்கேத்த பொண்டாட்டி, வாரம் தவறாம கிரிவலம் போறா என்று எங்கள் தெருவில் எனக்கு நல்ல பேர். வயிற்றெரிச்சல்.

தாலியைக் கழற்றட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று உங்களைப் பிடுங்குவேன். அது உங்களுக்கு எப்ப பாரமா இருக்குது என்று என்னையே திருப்பிக் கேட்பீர்கள். இதுக்கா இவ்ளோ தூரம் நடக்கிறோம் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனாலும் அடுத்த வாரம் வந்துவிடுவேன். என்னைக் கொடுத்து வைத்தவள் என்று சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான்.

ஒருநாள், அவர் செத்துப்போயிருந்தாலாவது அழுது தொலைத்திருப்பேன் என்று வாயை விட்டேன். சொன்ன வேகத்தில் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உயிரோட இருக்கிறவருக்கு எப்படி மேடம் அழறது என்றேன்.

நீங்கள் நின்றீர்கள். "அவருக்காக வேணாம். உங்களுக்குன்னு ஒரு குடும்பம் இருந்துச்சில்ல, அது போயிடுச்சு. அதுக்கு அழுவுங்க. அதுக்கு யார் உத்தரவும் வேணாம்."

அன்றைக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். அதற்கடுத்த வாரம்தான், இன்னைக்குத் திரும்ப வேணாம், நேரா போலாம் என்றேன். அவர்கிட்ட என்ன வேணும் உங்களுக்கு என்று மட்டும் கேட்டீர்கள். போய்ப் பார்த்தாத்தான் தெரியும் என்றேன். நீங்கள் டீக்கடையோரம் நின்றுகொண்டீர்கள், நான் மட்டும் மரத்தடிக்குப் போனேன்.

நாலைந்து பேர் அவர் காலில் விழுந்து எழுந்தார்கள். என் முறை வந்ததும் பார்த்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது, அவர் கண்ணில் பார்த்தேன். எல்லோருக்கும் தூக்கின மாதிரியே கையைத் தூக்கி, "நல்லா இரும்மா" என்றார்.

அம்மாவாம்! பத்துப் பதினஞ்சு வருஷம் சோறு போட்டவளை!

"சாமி கூப்பிட்டுச்சோ என்னமோ, எனக்குத் தெரியாது. நீங்க என்னை விட்டுட்டு வந்துட்டீங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் உஸ் என்றார்கள். அவர் தூக்கின கையை மெதுவாக இறக்கினார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் கூடவே நடந்தீர்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு மதகு. அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபிறகுதான் அழுகை வந்தது, அப்படி ஒரு அழுகை. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தீர்கள். சளியா, அழுகையா என்று நான் கேட்கவில்லை.

ஒரே நாளில் எல்லாம் நேராகிவிடவில்லை. பெண்ணுக்கு என்ன சொல்வது, மாமியாரோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்று அதற்கப்புறமும் ரொம்ப நாள் நடந்தோம். தாலியைக் கழற்றி வைத்தது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. உங்களிடம் கேட்காமல் கழற்றினேன். அடுத்த வாரம் கழுத்தைப் பார்த்தீர்கள், தலையை ஆட்டினீர்கள், அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. சேதி தெரிந்து ஓடிவந்தேன். உங்கள் வீட்டு வாசலில் அத்தனை கூட்டம். ஆனால் ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்லை, ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். உங்கள் அண்ணன் பாவம், நீங்க யாரு, எப்படிப் பழக்கம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்கதான் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பேரோடு இப்படி நடந்தீர்களோ! யாரைப் பற்றியும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை நீங்கள்.

என்னிடம் வந்தார். தெரிஞ்சவங்க என்று எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனப்ப நான் இவங்ககிட்ட கவுன்சிலிங் வந்தேன்" என்றேன். வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அப்புறம் கேட் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும்தாங்க" என்றார்.

இன்றைக்கும் என் கால் சும்மா இருப்பதில்லை மேடம். என் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், யாராவது வந்து சொல்கிறார்கள். நீங்கள்தான் இல்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் வீட்டில், உங்கள் காலடியில் நின்று வாய்விட்டு அழுதேன், யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.