பின்சீட்டுக் கம்பி

என்னங்க,

வண்டிச் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம், என்கிட்ட இருக்கு. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

வண்டி வாங்கின நாள்லேருந்து, காதைக் கிழிக்கிற சைலன்சர் மாட்ட நேரம் இருந்துது, கலர் லைட்டு மாட்ட நேரம் இருந்துது. ஓட்டுற பயிற்சிக்குப் போக மட்டும் நேரமில்ல. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பின்னால உட்கார்ந்து நான் பிடிச்சுக்கிற கம்பியை, அழகைக் கெடுக்குதுன்னு கழட்டிப் பரண்ல போட்டீங்களே, அது எந்த ஊர் நியாயம்?

பணம் கட்டிட்டு நீங்க போகாத வகுப்பையெல்லாம் என் பேருக்கு மாத்திக்கிட்டேன். இன்னிக்குக் கடைசி வகுப்பு, சொந்த வண்டியில. பயிற்சி கொடுக்கிறவர் கூடவே வர்றார்.

பி.கு.: இன்னொரு ஹெல்மெட் கதவுக்குப் பின்னால தொங்குது. போட்டுப் பாருங்க, இறுக்கினா மாத்திக்கலாம்.

கம்பியை நானே திரும்ப மாட்டிட்டேன். இனிமே அதைப் பிடிச்சுக்கப் போறது நீங்கதான்.