சந்தை மலசலகூடத்தின் பூட்டு

சந்தைச் சந்தியில் உன்னுடைய கண்ணீர் அஞ்சலிப் பதாகை இன்னும் தொங்குகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கனகாலமாகிவிட்டது. அவிழ்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஒரு பக்கக் கயிறு அறுந்து, காற்றடிக்கும்போது நீ பாதியாய் மடிந்து மறுபடி விரிகிறாய். எங்கள் பிரதேச சபையின் பெயர் உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. படத்தில் உன் தோளில் பொன்னாடை. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. இன்று காலை பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் அதைப் பார்த்து, பாவம், எவ்வளவு நொந்திருப்பாள் என்று கதைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ அந்த நேரம் நொந்துபோய் நிற்கவில்லை, கொதித்துப்போய் நின்றாய். படம் எடுத்தபோது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதா?

நெல்லியடியில் ஒன்றாகப் படித்த காலத்திலேயே உன் கோபம் பேர்போனது. யன்னலோர வாங்குக்காக வகுப்புத் தலைவியோடு ஒரு தவணை முழுக்கக் கதைக்காமல் இருந்தவள் நீ. உயர்தரம் படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை அந்த வாங்கு வெறுமையாகக் கிடந்தது. இயக்கத்துக்குப் போய்விட்டாய் என்று இடைவேளைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகான ஆண்டுகளைப் பற்றி நீ எனக்கு அதிகம் சொன்னதில்லை. நானும் துருவிக் கேட்டதில்லை.

போர் முடிந்து, தடுப்பு முகாமும் புனர்வாழ்வும் முடிந்து நீ ஊருக்கு வந்தபோது வலது கால் முழங்காலுக்கு மேலோடு போயிருந்தது. பொய்க்காலோடு வந்து எங்கள் சந்தையில் வெங்காயம் விற்கத் தொடங்கினாய். சுன்னாகத்தில் இருந்து மூட்டை வந்து இறங்கும்போது நீயே நின்று தட்டிப் பார்த்து எடுப்பாய். முதன்முதலில் உன்னை அங்கே கண்ட நாள் நான் உன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ தராசை நிமிர்த்திக்கொண்டே கேட்டாய்: "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வெங்காயம் வேணுமோ, இல்லாட்டி அழப்போறியோ?" நான் வெங்காயம் வாங்கினேன்.

பிறகு பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்றில் நான் சபை உறுப்பினரானேன். ஊரே வாழ்த்துச் சொல்ல, நீ மட்டும் நான் உடுத்திருந்த சேலையைப் பார்த்து நக்கலடித்தாய். ஆனால் அன்று பின்னேரமே கடையைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்கார்த்தினாய். நீ ஏதாவது உதவித்தொகைதான் கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். அரச படையில் இருந்து காயப்பட்டவர்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. உன்னைப் போன்றவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தட்டுவதற்கு இருக்கிற ஒரே கதவு உள்ளூர்ச் சபையின் கதவுதான். சபையும் சும்மா இருக்கவில்லை. உனக்குச் சந்தையில் இடம் தந்தது சபைதான். கணவனை இழந்த பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தது, பிள்ளைகளை இழந்த தாய்மாரை ஆண்டுதோறும் அழைத்து மதிப்பளித்தது.

நீ கேட்டது வேறு. "உந்த மாலை மரியாதை எனக்கு வேண்டாம். சந்தையிலை குந்தாமல் இருக்கக்கூடிய கக்கூசு ஒண்டு வேணும். பொய்க்காலோடை என்னெண்டு குந்துறது?" என்றாய். அதற்குப் பிறகுதான் மற்றதையும் சொன்னாய். சந்தைக்கு வருகிற நாட்களில் காலையில் இருந்து வீடு போகும்வரை நீ ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. பங்குனி வெயிலிலும் அப்படித்தான். உன்னைப் போல இன்னும் சிலர் இந்தச் சந்தைக்கு வராமலே இருப்பதும் இதனால்தான் என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெங்காயச் சருகைக் கூட்டி அள்ளினாய்.

சபையில் இதைச் சொன்னபோது ஒருவர்கூட மறுக்கவில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் உன் விடயத்தில் மட்டும் ஒரே குரலில் கதைத்தார்கள். சபைத் தலைவரான தவிசாளர் கண் கலங்கிவிட்டார். அவர் நல்ல மனிதர், அதை நீயும் ஒத்துக்கொண்டாய். வேலையும் சுறுக்காகத் தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் ஊர் உனக்குத் தெரியும். நிலத்துக்குக் கீழே எல்லாம் சுண்ணக்கல். குழியைத் தாழ்த்தினால் ஊத்தை கிணற்றுக்குள் இறங்கிவிடும். மாரி வந்தால் சந்தைக்குள் வெள்ளம் வேறு. ஆகவே வழமைபோல அத்திவாரத்தை நெஞ்சளவுக்கு உயர்த்திக் கட்டினார்கள். உள்ளே வெள்ளைக் கொமட், பிடித்து எழும்ப இரும்புக் கம்பி, சுவருக்குப் பூப் போட்ட மாபிள். எல்லாம் முறையாக இருந்தது. ஏறிப் போவதற்கு, கைப்பிடி இல்லாத உயரமான படிகள்.

திறப்பு விழாவை நினைத்தால் இப்போதும் எனக்கு எதைச் செய்வதென்று தெரிவதில்லை, சிரிப்பதா திட்டுவதா. மலசலகூட வாசலில் நிறைகுடம் வைக்கலாமா என்று அரைமணி நேரம் வாக்குவாதப்பட்டு, கடைசியில் சந்தை வாசலில் வைத்தார்கள். உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படத்துக்கு நின்றாய். பிறகு தவிசாளர் கத்தரிக்கோலை உன் கையில் தந்து, நாடாவை நீதான் வெட்ட வேண்டும் என்றார். நாடா படிகளுக்கு மேலே, கதவுக்குக் குறுக்கே கட்டியிருந்தது. நீ கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்தாய். இரண்டு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு போக முன்னுக்கு வந்தார்கள். நீ அவர்கள் கையைத் தட்டிவிட்டு, "நாடாவைக் கீழை இறக்கிக் கட்டுங்கோ" என்றாய்.

உடனே இறக்கிக் கட்டினார்கள், அதுதான் வேடிக்கை. படியடியில் இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தது வசதியாகப் போயிற்று. நீ வெட்டினாய், எல்லோரும் கைதட்டினார்கள், வடையும் பிளேன்ரீயும் வந்தது. அன்று நான் உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன். பொன்னாடையை மடித்து என் பைக்குள் திணித்துவிட்டு ஏறினாய்.

அடுத்த கூட்டத்தில் படிகளைப் பற்றிக் கேட்டேன். அடுத்த வேலைத்திட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அதற்கிடையில் பூட்டும் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மாபிளைச் சனம் பழுதாக்கிவிடும், தேவையானவர்கள் சபை அலுவலகத்தில் வந்து சாவி வாங்கலாம் என்று முடிவு. அலுவலகம் தெருவுக்கு மற்றப் பக்கம். நானே படியேற்றிவிடுகிறேன், சாவியை வாங்கி உன் கடையிலேயே வைத்திரு என்றேன். நீ விடவில்லை. சனத்துக்கு முன்னால் சாவியைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போவதும் ஒன்றுதான் என்றாய். ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் நான் எழுந்து கேட்பேன், பார்ப்போம் என்பார்கள், நான் கதிரையில் இருந்துவிடுவேன். ஒருநாள் நீ பொறுமை இழந்தாய். "நீ ஏன் இருக்கிறாய்? பதில் வரும்வரைக்கும் நில்லன். உனக்கு ரண்டு கால் இருக்குத்தானே" என்றாய். இப்படி ஒரு கதையை வேறு யார் எனக்குச் சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கும்.

உன் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன என்று உன் தங்கச்சிதான் எனக்கு முதலில் சொன்னாள். தண்ணீர் குடிக்காததால்தான் அப்படி ஆனது என்று வைத்தியர் சொல்லவில்லை. ஆகவே நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நான் அந்தப் படிகளைத்தான் நினைத்தேன். நீ ஒருநாள்கூட அந்த அறைக்குள் போகவில்லை. போகாமலே போய்விட்டாய். உன்மேல் எனக்கு ஆத்திரம், சபைமேல் ஆத்திரம், எல்லாவற்றையும்விட அந்தக் கைதட்டலின்மேல் ஆத்திரம்.

நீ போன பிறகு வந்த முதல் கூட்டத்தில் துக்கத் தீர்மானம் வந்தது. எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். பிறகு தவிசாளர், சந்தை வாசலில் உனக்கு நினைவுக்கல் ஒன்று வைக்கலாம் என்றார். கருங்கல், பொன்னிற எழுத்து, சுற்றிவர சின்னப் பூங்கா. பலருக்குக் கண்ணில் தண்ணீர். அவர்கள் நடிக்கவில்லை. எல்லோரும் திரும்பக் கதிரையில் இருந்தார்கள். நான் இருக்கவில்லை.

கல்லுக்கு நான் கையுயர்த்தமாட்டேன் என்றேன். தவிசாளர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது துக்கத் தீர்மானம். இதை ஆரும் எதிர்க்கிறேல்லை. உங்கடை சிநேகிதிக்குக் கல்லு வேண்டாமெண்டு நீங்களே சொல்லுறியளோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம் ஐயா. கல்லுக்கு எடுக்கிற சீமெந்திலை ஒரு சரிவுப் பாதை போடுங்கோ. பூட்டைக் கழட்டுங்கோ. அவவின்ரை பேர் ஒண்டிலும் வேண்டாம்."

சலசலப்பு எழுந்தது. வரைபடம் வேண்டும் என்றார் ஒருவர். செத்தவளை அவமதிக்கிறேன் என்றார் இன்னொருவர். அடுத்த மாதம் எடுப்போம், இப்போது இருங்கள் என்றார் தவிசாளர். இன்றைக்கு முடிவு சொல்லுங்கள், அதற்குப் பிறகு இருக்கிறேன் என்றேன். அவர்கள் அடுத்த விடயத்துக்குப் போனார்கள், நான் நின்றேன். தெருவிளக்கைப் பற்றிக் கதைத்தார்கள், நின்றேன். குப்பை வண்டியைப் பற்றிக் கதைத்தார்கள். கால் உளைந்தது. தேநீர் வந்தது, அதையும் நின்றபடியே குடித்தேன். அப்போதுதான் எதிர்வரிசையில் எப்போதும் வாயே திறக்காத ஒரு உறுப்பினர், மற்றக் கட்சிக்காரர், எழுந்து நின்றார். "உவ சொல்லுறது சரி. பாதையைப் போடுவம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாகத் தவிசாளரும் தலையாட்டினார்.

கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது அந்த மனிதர் என் பக்கத்தில் வந்தார். தன் தமையனும் உன்னைப் போல இயக்கத்துக்குப் போனவர், இரண்டு காலும் இல்லை, இவ்வளவு வருடமும் வீட்டோடுதான் இருக்கிறார் என்றார். "வெளியிலை சொன்னால் விசாரணை அது இதெண்டு வருவினம். அதாலை நாங்கள் சொல்லுறேல்லை" என்றார். நான் தலையாட்டினேன். உன்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், உனக்கு மட்டும் ஏன் இந்தத் தனி வசதி என்று. இந்த மனிதரை அவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் போலிருந்தது.

பாதை போட்டாயிற்று. நீளமாக, சாய்வு குறைவாக, பக்கத்தில் கம்பி. பூட்டு கழன்றுவிட்டது. நினைவுக்கல் இல்லை. உனக்காகக் கேட்ட இடத்துக்கு முழங்கால் நோகிற கிழவிகள் போகிறார்கள், வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்கள் போகிறார்கள். கண்ணிவெடியில் பாதம் போன ஒரு மீன்காரர் போகிறார். அவர் எந்தப் பக்கத்திலும் இருந்தவரல்ல, விறகு பொறுக்கப் போனவர்.

நேற்று தவிசாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, போய்ப் பாருங்கள், திறந்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றார். இன்று காலை பஸ்ஸால் இறங்கி நேரே அங்கேதான் போனேன். அவர் சொன்னது சரி. நிலமெல்லாம் சேறு, மாபிளில் கைத்தடம், வாளி கவிழ்ந்து கிடந்தது, நல்ல நாற்றம். அவ்வளவு பேர் வந்து போயிருக்கிறார்கள். செத்தவீட்டில்கூட உனக்காக வராத அழுகை, அந்த ஊத்தைக்குள் நின்றபோது வந்தது. அழுதேன், கதவைச் சாத்திவிட்டு, சத்தமாகவே.

இந்தக் கிழமைக் கூட்டத்தில் கழுவுவதற்கு நிரந்தரமாக ஒரு ஆள் கேட்கப்போகிறேன். பார்ப்போம் என்பார்கள். நான் நிற்பேன். உன்னிடம் இருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிற்கிற பழக்கம் ஒன்றுதான், அதை விடுவதாக இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வாளியில் தண்ணீர் பிடித்து நானே கழுவத் தொடங்கினேன். பாதி கழுவுவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே ஊன்றுகோலோடு ஒருத்தி; வாசல் வரைக்கும் தானாகவே ஏறி வந்து நின்று, "இன்னும் கனநேரம் செல்லுமோ?" என்று எரிச்சலோடு கேட்டாள்.