இடது கையில் ஒரு மொட்டு

அம்மாவுக்கு முனீஸ்வரியின் வணக்கம். நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பெங்களூரில் எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி சினேகாவின் முகூர்த்த ஜாக்கெட் இந்தப் பார்சலில் இருக்கிறது. நீ கேட்ட தாமரைதான். மஞ்சள் பட்டுக்கு இளம் ரோஸ் நூல் எடுபடவில்லை. அதனால் இதழின் ஓரத்தில் அடர் ரோஸ் சேர்த்து, சாட்டின் ஸ்டிச்சில் நெருக்கமாக நிரப்பினேன். கொடி முழுக்கப் பச்சையில் செயின் ஸ்டிச். வெள்ளி ஜரிகை மட்டும் வைக்கவில்லை. பட்டாசு கம்பெனியில் கையில் ஒட்டும் அலுமினியப் பொடி மாதிரியே மினுக்கியது.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. விரலில் ஊசி ஏறியது எனக்குத் தெரியவில்லை. வெடிவிபத்தில் வெந்த தோலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. ஜாக்கெட்டின் இடது கையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அலசியும் போகாததால் அதன்மேல் சிவப்பு நூலில் ஒரு மொட்டுத் தைத்துவிட்டேன். வலது கையில் அது கிடையாது.

"மாப்பிள வீட்டுக்காரக ஒன் மூஞ்சித் தழும்பப் பாத்தா ஏதாச்சும் பேசுவாகத்தா. நீ வரவேண்டாம், ஜாக்கெட்ட மட்டும் அனுப்பு" என்றாய். சரி. யார் தைத்தது என்று அவர்கள் கேட்டால், கடையில் கொடுத்துத் தைத்தது என்று சொல்லிவிடு.

கூரியர் கடையை மூடப்போகிறார்கள். கல்யாணப் போட்டோவில் சினேகாவின் இடது கை தெரிகிற ஒன்றை எனக்கு அனுப்பச் சொல். நான் வந்ததாக அது இருக்கட்டும்.

முனீஸ்வரி