போரடிக்குது என்று நீ சொன்ன நாள்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த வாரம் முதல் நிஜமாகவே நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் நீச்சலடிக்கும் குட்டி வாலும் நலம் என்று டாக்டரே சொல்லிவிட்டதால், அறிய ஆவல் என்று கேட்கும் வரியை இந்தத் தடவை தைரியமாக விட்டுவிடுகிறேன். ஆவல்பட்டதெல்லாம் போதும், இனிமேல் கொஞ்ச நாளாவது அலட்சியமாக இருக்க ஆசை.

பார்சலைப் பிரித்ததும் இந்தக் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும், நீ இதை ஓரமாகப் போட்டுவிட்டுப் புத்தகங்களைத்தான் முதலில் புரட்டியிருப்பாய், பரவாயில்லை, என் பெண்ணை எனக்குத் தெரியாதா. அன்றைக்கு ஸ்கேன் முடிந்ததும் மாப்பிள்ளைதான் முதலில் பேசினார், கீழே இறங்கியிருந்த நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது, ரத்தப்போக்கு நின்றுவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறது, ஆனாலும் இன்னும் சில வாரம் படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் பரீட்சைக்கு ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னார். நானும் உம் கொட்டினேன், சந்தோஷம் மாப்பிள்ளை என்றேன், ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சில் இருந்த பாரம் அப்போது இறங்கவில்லை. அப்புறம் நீ அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அப்பா, படுத்துப் படுத்து நானும் மெத்தையும் ஒண்ணாயிட்டோம், பயங்கரமா போரடிக்குது, சிரிக்கிற மாதிரி ஏதாவது புத்தகம் சொல்லுங்கப்பா என்றாயே, அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பயந்துகொண்டிருக்கிற யாருக்கும் போரடிக்காது அம்மாடி, அது எனக்குத் தொழில் வழியாகத் தெரிந்த விஷயம்.

நீ சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அதே பல் கிளினிக், அதே முன்மேசை, அதே அப்பா. டாக்டரம்மா உள்ளே பல்லைப் பார்க்கிறார், நான் வெளியே டோக்கன் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பல்வலியைவிடப் பயம்தான் பெரிய வலி, உள்ளே மெஷின் கிர்ரென்று சத்தம் போட்டதும் நாற்காலியின் கையைப் பிடிக்கிற பிடியிலேயே ஆளைச் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் என் முதுகுக்குப் பின்னால் அந்தப் புத்தக அலமாரி. பல் பிடுங்க வந்தவருக்குச் சிறுகதை, ரூட் கெனாலுக்கு நாலைந்து தடவை நடக்க வேண்டியவருக்கு நாவல், வருஷக்கணக்கில் கம்பி மாட்டிக்கொண்டு திரியும் பிள்ளைகளுக்குப் பாகம் பாகமாகப் போகிற சாகசக் கதை, சும்மா சுத்தம் பண்ண வந்தவர் துணுக்குப் புத்தகத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். விமர்சனம், பரிசு எதையும் நான் பார்ப்பதில்லை. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் தலையைத் தூக்காமலே, அடுத்தவங்களை முதல்ல அனுப்புங்க சார் என்று ஒருத்தர் சொன்னால் அவர் கையில் இருப்பது நல்ல புத்தகம். என் இலக்கிய அறிவு அவ்வளவுதான். லாரி ஓட்டுகிற ஒருத்தர், மீசையைப் பார்த்தாலே நாம் ஓரமாக ஒதுங்குவோம், ஊசியைப் பார்த்தால் அவர் ஓரமாக ஒதுங்குவார், பாத்ரூம் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை அப்படியே வண்டியேறி ஓடிப்போனவர். மூன்றாவது தடவை வந்தபோது இந்தப் பார்சலில் மேலே இருக்கிற லிஃப்ட் நாவலைக் கையில் திணித்தேன். மனுஷன் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஐயோ சிரிச்சா வலிக்குது சார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் நம்பரைக் கூப்பிட்டால், கொஞ்சம் இருங்க சார், அந்த ஆளு லிஃப்டை விட்டு வெளிய வரட்டும் என்கிறார். டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, நம்ம பில்டிங்கில ஏதுண்ணே லிஃப்டு, யாரு மாட்டிக்கிட்டாங்க என்று பதறிப்போய்விட்டார்.

அப்படி ஊருக்கெல்லாம் பயம் தெளியப் புத்தகம் கொடுக்கிற நான், நீ படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் உருப்படியாகப் படிக்கவில்லை. அன்றைக்கு மாலையில் நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்ததே, அந்த நாள் எங்களை விட்டு இன்னும் போகவில்லை. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் இரண்டு பேர் போனும் வீட்டிலேயே கிடந்தது என்று மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை காதில் அடித்துக்கொண்டே இருந்த அந்த மணிச் சத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் பல் மெஷின் சத்தம் தாலாட்டு மாதிரி. மறுநாள் கிளினிக்கில் புத்தி எங்கேயோ இருந்தது, சுத்தம் பண்ண வந்த ஒரு வாத்தியாரம்மாவைப் பல் பிடுங்க வேண்டியவருடைய டோக்கனில் உள்ளே அனுப்பிவிட்டேன், நல்லவேளை டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எதையும் கையில் எடுப்பார். வெளியே வந்து என்னைத் திட்டவில்லை. அண்ணே, இன்னிக்கு நீங்கதான் பேஷண்ட், எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருங்க என்று சொல்லி அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவரே கையில் கொடுத்தார். முதல் வரியை மதியச் சாப்பாடு வரைக்கும் படித்தேன், என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வீட்டில் உன் அம்மா தையல் மெஷின் மேலேயே போனை வைத்துக்கொண்டிருந்தாள், முதல் மணி முழுசாக அடித்ததே கிடையாது, அதற்குள் பாய்ந்து எடுத்துவிடுவாள். கடன் வேணுமா மேடம் என்று கேட்ட ஏதோ ஒரு பெண்ணிடம், முதல்ல என் பொண்ணு எப்படி இருக்கான்னு சொல்லு என்று கத்திவிட்டாள், அந்தப் பெண் பாவம், நல்லா இருப்பாங்க மேடம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான், யார் பெற்ற பிள்ளையோ, அவள் நன்றாக இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேலே இருப்பதுதான் அந்த லிஃப்ட் நாவல், அடுக்குமாடிச் சங்கத் தலைவரும் அவர் மேல் வழக்குப் போட்ட மேல்வீட்டுக்காரரும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், கையில் ஒரு குடையும் ஒரு தர்பூசணியும் மட்டும், கதை முழுக்க அவ்வளவுதான். வயிறு குலுங்கச் சிரிக்கலாமா என்று உன் டாக்டரிடம் கேட்டுக்கொள், கூடாது என்றால் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் தொடாதே. அதற்கு அடியில் துப்பறியும் கதை, சலவைக்கடை வைத்திருக்கிற ஒரு பெண்மணி துணியில் இருக்கும் கறையைப் பார்த்தே குற்றவாளியைப் பிடித்துவிடுகிறாள், போலீஸ்காரர்கள் அவள் கடைக்கு அழுக்குச் சட்டையோடு வரப் பயப்படுகிறார்கள். ரத்தக்கறை ஒன்றுகூடக் கிடையாது, உனக்கென்று பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் எடுத்தேன், எல்லாம் மையும் கிரீஸும் காப்பியும்தான். நீல அட்டை போட்டது ஒரு கப்பல் சமையல்காரர் தன் கதையைத் தானே எழுதியது, புளுகு மூட்டை, பாதிக்கு மேல் நம்பாதே, ஆனால் புயலில் குழம்புச் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியதாக எழுதியிருக்கிறார் பார், அந்த இடத்துக்காக மீதிப் பொய்யை மன்னிக்கலாம். கடைசியாக இருக்கிற மெல்லிய புத்தகத்தைக் கடைசிக்கே வைத்துக்கொள். கால் உடைந்து உன்னை மாதிரியே படுத்துக் கிடந்த ஓர் அம்மாள் ஜன்னலுக்கு வெளியே வந்து போன பறவைகளைப் பற்றி எழுதியது, ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காது, கோபப்பட்டு மூடிவிடாதே, பாதியில் ஒரு காகம் வந்து சேரும், அதற்கப்புறம் உன்னால் கீழே வைக்க முடியாது. உள்ளே அங்கங்கே பழைய டோக்கன்கள் கிடக்கும், அடையாளத்துக்கு யார் யாரோ வைத்தது, எடுத்து எறியாதே, யார் எந்த இடத்தில் பயத்தை மறந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பெரிய பரிசு வாங்கின ஒரு நாவலை வேண்டுமென்றே அனுப்பவில்லை, அதைப் படித்த ஒரு அம்மா அழுது அழுது மூக்கடைத்து, மூச்சுவிட வழியில்லாமல் வாயைத் திறந்து வைத்திருக்க முடியாமல், சிகிச்சையே தள்ளிப்போனது. அதைக் குழந்தை பிறந்து உனக்குத் தூக்கமும் ஓய்வும் கிடைக்கும்போது படிக்கலாம், அதாவது ஒரு அஞ்சு வருஷம் கழித்து.

பார்சல் ஏன் இவ்வளவு தாமதம் என்று நீ கேட்டதற்கு நான் மழுப்பினேன் இல்லையா, காரணம் உன் அம்மா. புத்தகம் வைத்துக்கொள்ள வசதியாக மிச்சத் துணியில் ஒரு குட்டித் தலையணை தைத்தாள், அதுவும் உள்ளே இருக்கிறது, வயிற்றில் வைக்காதே, பக்கத்தில் வைத்துக்கொள். அதோடு விட்டாளா, இத்தனை வருஷம் புத்தகம் என்றால் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அப்படி என்னதான் இருக்கு இந்த லிஃப்டுக் கதையில, அந்த லாரிக்காரர் சிரிச்சாரு சிரிச்சாருன்னு சொன்னீங்களே என்று கட்டின கயிற்றை அவிழ்த்து ஒரு பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான், மெஷினில் பாதி தைத்த சட்டை அப்படியே நிற்கிறது, தைக்கக் கொடுத்த கடைக்காரர் ஆளனுப்பிக் கேட்கிறார், இவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரிக்கிறாள், முடித்துக் கொடுத்த பிறகுதான் என்னால் மறுபடி கயிறு கட்ட முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா ரொம்ப நேரம் கழித்துத்தான் போனுக்கு வந்தாள், அம்மாவுக்கு எம்மேல என்னப்பா கோபம் என்று நீகூடக் கேட்டாய். கோபமாவது ஒன்றாவது. மணி அடித்தது, நான் எடுத்தேன், நீதான் என்று சொன்னேன். அவள் தலையைத் தூக்காமலே, நல்லாத்தானே இருக்கா, நீங்க பேசிக்கிட்டிருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வரேன் என்றாள். போன் கையில் இருக்க, அவள் பக்கம் புரட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் அம்மாடி, நீ ஹலோ ஹலோ என்று கத்தினது அதனால்தான், லைன் ஒன்றும் கட்டாகவில்லை.

வேறு விசேஷம், உன் அண்ணன் வீடு மாறிவிட்டான், மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று தினமும் புலம்புகிறான், அண்ணி உனக்கென்று குழந்தைச் சொக்காய் வாங்கி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, பிரசவத்துக்கு ரொம்ப நாள் முன்னாலேயே வந்துவிடுவாள், பெட்டியில் சொக்காய்க்கு இடமா புத்தகத்துக்கு இடமா என்று இப்போதே சண்டை நடக்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்கிறாள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறாள், போனில் வியாதியைத் தேடிப் படிக்கக் கூடாது என்று நான் சொல்கிறேன், அதை எழுதியவர்கள் யாரும் உன்னைப் பார்த்தது கிடையாது. மாப்பிள்ளையையும் கொஞ்சம் தூங்கச் சொல், சமையலும் ஆபீஸும் உன் வாயும் என்று ஒற்றை ஆளாக மூன்றையும் சமாளித்திருக்கிறார், தங்கமான பிள்ளை, அவருக்கு வேண்டுமானால் அந்தக் கப்பல் புத்தகத்தைக் கொடு.

நீயும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எங்கள் கண் முன்னால் சிரிக்க வேண்டும், அதற்கு மேல் எங்களுக்கு ஒரு ஆசையும் இல்லை. மறக்காமல் ஒன்று மட்டும் செய். ஒரு நாள் நாங்கள் கூப்பிடும்போது நீ போனை எடுக்காதே. அன்றைக்கு அடித்து அடித்து ஓய்ந்த மாதிரியே மணி அடித்து ஓயட்டும், நாங்கள் தாங்கிக்கொள்வோம். அப்புறம் மெதுவாக, படிச்சிக்கிட்டிருந்தேன்ப்பா என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பு.

இப்படிக்கு,
உன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு, நீ தலையைத் தூக்கும் வரை காத்திருக்கும்,
அப்பா