துவைக்காத சட்டை

ஜூன் 3, செவ்வாய்

வீட்டுக்காரி இன்று மறுபடி மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குப் போனாள். போனாள் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். செருப்பை மாட்டினாள், கழற்றினாள், உள்ளே வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தாள், மறுபடி மாட்டினாள். கைப்பையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாள். கைப்பை தோளில்தான் தொங்கியது. "அங்க கண்ணு தெரியாம ஆளுங்க வரிசையில நிப்பாங்க, கெளம்பு" என்று வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டேன்.

பிறகு வீட்டில் நானும் மூன்று மாதக் குழந்தையும் மட்டும். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதில் இருவருக்குமே தெளிவில்லை.

பெரியவள் இந்த வயசில் இருந்தபோது நான் எங்கேயோ நடுக்கடலில், கப்பல் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இப்போது பதினொன்று. அவளுடைய முதல் பல், முதல் அடி எல்லாம் எனக்குப் போட்டோதான். முதல் காய்ச்சலுக்குப் போட்டோவும் இல்லை; சரியான பிறகுதான் சொன்னார்கள். ஜூலையில் அடுத்த கப்பலுக்கு ஏஜென்ட் கூப்பிடுவார். அதற்குள் சின்னவள் மனசில் என் முகமாவது பதிந்துவிட வேண்டும். இப்போதைக்கு எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஜூன் 4, புதன்

குழந்தையின் கழுத்து மடிப்புக்குள் பழைய பால் திரண்டு கிடக்கிறது. விரித்துத் துடைக்கவேண்டுமாம். யாரும் சொல்லவே இல்லையே!

ஜூன் 8, ஞாயிறு

சின்னவளுக்குக் கேப்டன் என்று பேர் வைத்தாயிற்று. குரலெடுத்தால் எல்லோரும் ஓடி வரவேண்டும். எதற்கு என்று மட்டும் சொல்லமாட்டாள்.

வீட்டுக்காரி எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலைப் பாட்டிலில் ஊற்றி, சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, இளஞ்சூடாக்கித் தருவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று இன்றும் ஒரு வேளை பாட்டில்தான். சூடு சரியா என்று மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். நான் இத்தனை வருஷத்தில் ருசி பார்க்காமல் எதையும் பரிமாறியதில்லை. கைப்பழக்கத்தில் நாக்கில் விட்டுவிட்டேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

பெரியவள் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். ஏன்? சிரித்தால் என்ன?

ஜூன் 11, புதன்

மத்தியானம் கேப்டன் விடாமல் அழுதாள். ஏப்பம் எடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பாடியாயிற்று. என் பாட்டைக் கேட்டுத்தான் இன்னும் கொஞ்சம் அழுதாளோ என்னவோ. கடைசியில், அலை பெரிதாக இருக்கும்போது அடுப்பு முன்னால் நிற்பேனே, அப்படிக் காலை அகட்டி வைத்து, முட்டியை லேசாக மடக்கி, இடமும் வலமுமாகச் சாய்ந்தேன். அடங்கிவிட்டாள். என் தோளில் கன்னம் நசுங்க, வாயைத் திறந்தபடி தூங்கினாள். எச்சில் சட்டையில் இறங்கியது. கீழே விட மனசில்லாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

நின்றபடி பழசெல்லாம் நினைத்துக்கொண்டேன். ரொட்டி மாவு பிசையும் மேடைக்கு மேலே பெரியவளின் போட்டோ ஒட்டியிருக்கும். அடுப்புச் சூட்டில் ஓரமெல்லாம் சுருண்டுபோய், மாவுத் தூள் படிந்து, அவள் கன்னம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். துறைமுகம் வந்தால் முதல் வேலை போன். "அப்பா பேசறேன்டா கண்ணு" என்றால் அவள் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாளாம், ஆள் எங்கே என்று. அதைக் கேட்டுவிட்டு நானும் இன்ஜின் ரூம் மோட்டார்மேனும் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த ரொட்டி வாசனை, அந்த மோட்டார்மேனின் சிரிப்பு, இரண்டையும் நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. எனக்கு நானே எதற்குப் பொய் எழுத? கப்பல் எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

மாத ஆரம்பத்தில் தொளதொளவென்று இருந்த மஞ்சள் சட்டை இன்று கேப்டன் தலைக்குள் நுழையவே இல்லை. இரண்டு வாரத்துக்குள் எங்கேயடி போய் வளர்ந்தாய் என்று கேட்டேன். காலை ஆட்டினாள். மடித்து, பழைய துணிகள் வைக்கும் பையில் போடப் போனேன். உள்ளே பெரியவளுடையது: ஒரு குல்லா, ஒற்றைக் காலுறை, முயல் படம் போட்ட கவுன். எதையும் நான் பார்த்ததில்லை. குல்லாவை என் முஷ்டியில் மாட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இவ்வளவுதானா இருந்தது அவள் தலை?

பள்ளியிலிருந்து வந்தவள் பார்த்துவிட்டாள்.

"அது என்னோடது."

"தெரியும்மா."

எனக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். குல்லாவை வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டுப் போனாள்.

அவளை முதல்முதலாக நான் பார்த்தபோது அவளுக்கு ஒன்றேகால் வயசு. அம்மா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாரோ பார்சல் கொண்டுவந்திருக்கிறான், பெட்டியை வைத்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல நின்றாள். இந்தக் கதையை எத்தனையோ கப்பலில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

தடுப்பூசி. நானே தூக்கிக்கொண்டு போனேன். நர்ஸம்மா, "மொதல் கொழந்தையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ரெண்டாவது."

"அப்ப ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"ஆமாங்க" என்றேன். ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டது கேப்டன் இல்லை, நான்தான். சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தேன். பெரியவளுக்கு யார் துடைத்தார்கள்? வீட்டுக்காரி தனியாகத்தான் துடைத்திருப்பாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு நாள் பாழ். கெடுத்தது நானேதான்.

தொட்டிலில் விரித்திருந்த வீட்டுக்காரியின் பழைய நைட்டியில் பால் வாடை அடித்தது. கப்பல் சமையலறைத் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, கிருமிநாசினி ஊற்றி அலசாமல் நான் விட்டதில்லை. அதே முறையில் இதையும் துவைத்தேன். காயவைத்து, சுருக்கமில்லாமல் விரித்து, குழந்தையைப் போட்டேன். பிடித்தது சனி. பாட்டிலைத் தட்டிவிட்டாள். கப்பல் ஆட்டமும் பலிக்கலை. பூச்சி ஏதாவது கடிச்சிருக்குமோ — வயித்து வலியோ — காதோ? உடம்பெல்லாம் தடவிப் பாத்தாச்சு. நானும் கூடச் சேர்ந்து அழாத குறைதான். "என்னடி வேணும் ஒனக்கு, சொல்லித் தொலையேன்"னு கத்திட்டேன். பேச்சு வராத கொழந்தைகிட்ட!

பெரியவள் பள்ளியிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் தொட்டில் துணியைக் குனிந்து முகர்ந்தாள்.

"துவைச்சுட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

அழுக்குக் கூடையைக் கிளறி, அவள் அம்மா காலையில் கழற்றிப் போட்ட நைட்டியை எடுத்து வந்து விரித்தாள். கேப்டன் அதில் மூக்கைத் தேய்த்தாள், இரண்டு தடவை விசும்பினாள், தூங்கிப்போனாள்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்." உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

ஏஜென்ட் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டாம் தேதி கப்பல். ஒன்பது மாசம். வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "போய்த்தானே ஆகணும்" என்றாள். பகலில் பக்கத்து வீட்டு டீச்சரம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் முன்பே பேசி வைத்ததுதான். இருந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை நான் குளித்துவிட்டு அறைக்குள் வந்ததும் கேப்டன் கையையும் காலையும் உதறிக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, எனக்குத்தான் அந்தச் சிரிப்பு.

முகம் பதிந்தால் போதும் என்று நினைத்தேன். பதிந்துவிட்டது. இப்போ விட்டுட்டுப் போனா தேடுமே!

ஜூலை 6, ஞாயிறு

பெட்டி கட்ட ஆரம்பித்தேன். தோளெல்லாம் பால் கறையும் எச்சிலுமாக இருந்த நீலச் சட்டையை ஊறப்போட எடுத்தேன். வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை விட்டுட்டுப் போங்க. துவைக்க வேணாம்."

"எதுக்கு?"

"சின்னவளுக்கு. பெரியவளுக்கும் அப்படித்தான் வச்சேன்."

நான் லீவு முடிந்து கப்பலேறும்போதெல்லாம் என் சட்டை ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வைப்பாளாம். பெரியவள் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாளாம்.

"வாசனை கொஞ்ச நாள்தான் நிக்கும். அப்புறம் வெறும் துணி. அப்பவும் மோந்து மோந்து பாப்பா. அலமாரியில இருக்கற ஒங்க துணியெல்லாம் இழுத்துப் போடுவா. எல்லாம் துவைச்சது. ஒண்ணுலயும் நீங்க இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நடுக்கடல்ல இருக்கற மனுசன்கிட்ட என்னத்தச் சொல்ல? அங்க சூப்புல கண்ணீர் விட்டுட்டு நிப்பீங்க."

"எப்ப விட்டா?"

"ஸ்கூல் சேர்ந்த வருஷம். சட்டையைக் கொடுத்தேன். 'எனக்கு வேணாம், நீயே வச்சுக்கோ'ன்னுட்டா."

பேசிக்கொண்டே அவள் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் போகாமல் வாயை முறுக்கிக் கட்டினாள். பலமுறை செய்த வேலை என்று கட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பார்சல்காரன் கதையை இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஜூலை 7, திங்கள்

எழுத ஒண்ணும் வரலை. கொழந்தை அது பாட்டுக்குச் சிரிக்குது.

ஜூலை 9, புதன்

பையை அவிழ்த்தேன். சட்டையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினேன். அதற்கப்புறம்தான் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். முதலில் போன் செய்திருந்தால் அவர் பேச்சில் மயங்கியிருப்பேன்; மனுஷர் அப்படிப் பேசுவார்.

"கொழந்தை தானா வளந்துடும்பா. கப்பல் காத்திருக்காது."

"தானா வளந்துடும்னுதாங்க வரலை."

காலேஜ் விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் சமையல்காரர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வீட்டுக்காரி கடையிலிருந்து வந்ததும் நான் கிளம்பினால் சரியாக இருக்கும். கப்பல் சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. இழுத்துப் பிடித்துத்தான் செலவு செய்யவேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்காரி வாளியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யோசிச்சுத்தான் பண்ணீங்களா?"

"யோசிச்சிருந்தா பண்ணியிருக்கமாட்டேன்."

குளியலறை வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளிக்குள் கையை விட்டவள், "ஐயோ, என் வெள்ளைத் துணியோட சேத்துப் போட்டிருக்கீங்களே! எல்லாம் நீலமாப் போச்சு" என்று திட்ட ஆரம்பித்தாள். பெரியவள் அறைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூலை 12, சனி

கப்பல் கிளம்பியிருக்கும். மோட்டார்மேன் படம் அனுப்பியிருந்தான்: என் அடுப்பு முன்னால் யாரோ புது ஆள், கரண்டியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு. மனசு என்னவோ செய்தது. அதற்குள் கேப்டன் ஆய் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கேப்டன் தன் கன்னத்தைத் தானே கீறிக்கொண்டிருந்தாள். நகம் வெட்டவேண்டும். இதுவரை வீட்டுக்காரிதான் வெட்டினாள். இன்று அவள் கடையில் கணக்கெடுப்பு என்று போய்விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறவன் நான். இதற்கு மட்டும் கத்தரியை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கும் நேரம் பார்த்து மடியில் போட்டுக்கொண்டு, மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து, சதையைக் கீழே அழுத்திப் பிடித்து, சின்னக் கத்தரியால் வெட்டினேன். நகமா அது, வெங்காயத் தோலைவிட மெல்லிசு. பெரியவள் வெளிச்சத்துக்கு ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"வலிக்காதா?"

"வலிக்காதுடா. பாரு, தூங்கறா."

கடைசி விரல் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முடித்துவிட்டுக் கத்தரியை மூடப் போனேன். பெரியவள் எழுந்திருக்கவில்லை. தன் கையைக் குழந்தைக்கு மேலாக நீட்டினாள்.

"எனக்கும்."

கையை வாங்கிப் பார்த்தேன். அவளே ஒட்ட வெட்டி வைத்திருந்தாள், வெட்ட ஒன்றுமே இல்லை. கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, மெதுவாக வெட்டிவிட்டேன்.