டிஸ்குக்குள் இருந்த முகங்கள்

இன்று காலை அலுவலகக் கணினிச் சேவரில் ஒரு டிஸ்க் டிக்டிக்கென்று அடித்து நின்றுபோனது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உன் நினைவு வந்துவிட்டது, மச்சான்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு, கல்முனையில் நிவாரண வேலைக்கென்று நாம் இருவரும் பார்த்துக்கொண்ட சேவரிலும் இதே சத்தம்தான் கேட்டது. பெயர் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்களின் படங்கள் அதற்குள் இருந்தன. நான் மையித்து என்பேன், நீ பிரேதம் என்பாய். பெரியநீலாவணையில் உன் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிச்சம். உன் மகள் கிடைக்கவில்லை. அப்படியும் வேலைக்கு வந்தாய்.

இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று நம்பியிருந்தோம். ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது, கடைசியாக ஏற்றிய படங்களைக் காணவில்லை. தங்கள் சொந்தங்களைத் தேடி வந்தவர்கள் படிக்கட்டு நிறையக் காத்திருந்தார்கள்.

"ரெண்டையும் திரும்பச் சேர்த்து விடுவமா?" என்றேன்.

"பொறு. எது எதுக்கு மேல எழுதப்போகுது எண்டு தெரியாம கைவைக்காத."

நீ தோண்டிப் பார்த்துச் சொன்னாய்: ஒரு டிஸ்க் எப்போதோ எழுதுவதை நிறுத்தியிருக்கிறது, நாம் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் அடையாளம் ஒன்றே என்பதால், மெசின் திரும்ப எழும்பும்போது அந்தப் பழையதையே பிடித்துக்கொண்டது. சேர்த்திருந்தால் பழையது புதியதை அழித்திருக்கும்.

பழையதைக் கழற்றினாய். மற்றது தனியே இயங்க மறுத்தது. ஜோடியைத் தேடாதபடி அதை ஒற்றை டிஸ்காகவே ஓடவைத்து, படங்கள் இருந்த வொலியூம் என்ற பகுதியைக் கையால் கட்டளை கொடுத்து எழுப்பினாய். திரையில் முகங்கள் வந்தன. நீ சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்த பிறகுதான் ஆட்களை உள்ளே விடச் சொன்னாய்.

திருக்கோவிலில் இருந்து வந்த ஒரு மீனவர் தன் தாயைக் கண்டார். திரையைத் தொட்டபடியே நின்றார். எல்லோரும் போன பிறகு நீ தனியே உட்கார்ந்து கடைசிப் படம்வரை பார்த்தாய். நான் வாசலில் நின்றேன்.

"இல்ல மச்சான்," என்றாய்.

யுத்தம் முடிகிற காலத்தில், வேலைக்கு வரும் வழியில் உன்னை யாரோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் வீதியோரம் கிடந்தது. யார், எதற்கு என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. உன் மனைவியோடு நானும் ஏறாத வாசல் இல்லை.

பிறகொரு பகல், உன் படத்தோடு அவ அலுவலகத்துக்கு வந்தா. அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவா.

"காக்கா, அந்த மெசினுக்குள்ள இவரும் இருக்காரா எண்டு ஒருக்காப் பாருங்க."

அதில் இருப்பது கடல் கொண்டுபோனவர்கள் மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதிரை போட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு முகமாகக் காட்டினேன். கண் இமைக்காமல் பார்த்தா. முடிந்ததும் உன் படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டா.

"இதுக்குள்ள இல்ல எண்டா, உசிரோட இருக்கார் எண்டுதானே காக்கா?"

"ஓம்," என்றேன்.

இப்போதும் சந்தையில் கண்டால் அதையே கேட்கிறா. நானும் அதையே சொல்கிறேன். உன் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று எழுத, இத்தனை வருடமாகியும் என் கை வரவில்லை.